அப்பாவுக்கு நாற்பது வயது

நேற்று ராத்திரியிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. எல்லாம் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் நான் அழிக்க மறந்த ஒரே ஒரு வார்த்தையால்.

வீட்டில் எல்லோருடைய பெயர், வயது, உயரம் போட்டு ஒரு பட்டியல் வேண்டும் என்றார். கையால் எழுதினால் ஐந்து நிமிட வேலை. புரோகிராம் தெரிந்தவன் பேனாவைத் தொடலாமா? இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். நடுவில் ஏதோ ஒரு பைட்டை, கணினி நினைவகத்தின் ஒரு சின்னத் துண்டை, சோதிக்க ஹெக்ஸ் போட்டுப் பார்த்தேன்; எண்களைப் பதினாறின் கணக்கில் காட்டு என்று அர்த்தம். அப்புறம் பைட்டை அழித்தேன், ஹெக்ஸை அழிக்கவில்லை.

விடையை எழுதிக்காட்டுகிற இந்த சி-அவுட் இருக்கிறதே, அதனிடம் ஒரு தடவை ஹெக்ஸ் என்று சொல்லிவிட்டால் போச்சு. நாமாக டெக், அதாவது வழக்கமான பத்தின் கணக்கு, என்று சொல்லி மாற்றும்வரை எல்லா முழு எண்களையும் பதினாறின் கணக்கிலேயே கக்கும். அதில் பத்து முதல் பதினைந்து வரை ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள், பதினாறு வந்தால்தான் 10. இவ்வளவு ஞாபகசக்தி உள்ளது, அச்சாகும் அகலத்தைச் சொல்லும் செட்-டபிள்யூவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? அகலம் பன்னிரண்டு என்று சொன்னால் அடுத்து அச்சாகும் ஒன்றுக்கு மட்டும்தான் செல்லும். அதற்கடுத்த சரக்குக்கு அகலம் மறுபடி பூஜ்யம். தங்கை மகனிடம் செருப்பை ஓரமாக விடு என்று சொல்வது மாதிரி, ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஆகவே பெயர்கள் மட்டும் ஒழுங்காக அணிவகுக்க, மீதியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நடுநடுவே இடைவெளியை நானே செருகி, சரிபார்க்காமல் அச்சடித்துக் கொடுத்தேன்.

முதலில் சிக்கியது உயரம். செட்-பிரிசிஷன் இரண்டு என்று போட்டால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரும் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் நம்புகிறேன். கூடவே ஃபிக்ஸ்டு போடாவிட்டால் மொத்தமே இரண்டு இலக்கம்தான். அப்பாவின் 168 சென்டிமீட்டர் 1.7இ+02, அதாவது 1.7 பெருக்கல் நூறு, ஆகியிருந்தது.

“ஏண்டா, என் உயரத்துல எதுக்கு இ?” என்றார் அம்மா. 152 சென்டிமீட்டர், 1.5இ+02. அதற்கு மேல் வயதுப் பக்கம் பார்வை போனது. 58 வயது 3ஏ என்று இருந்தது. “3ஏன்னா என்ன, ரயில் பெட்டியா?”

தங்கை, 32 போய் 20 ஆனதால், வாயே திறக்கவில்லை. அவள் மகனுக்குப் பத்து வயது, அவன் வெறும் ஏ. கிளாஸில் ஏ கிரேடு வாங்கியது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று குதித்தான். இரண்டு வயதுக் குட்டி மட்டும்தான் உண்மையான வயதோடு நின்றது.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி மூன்று தடவை படித்தார். 64 வயதுக்காரருக்கு நேரே 40.

“தப்பா வந்துருச்சுப்பா, மாத்தித் தரேன்.”

“இருடா. அடுத்த வருஷம் எவ்வளவு காட்டும்?”

“நாற்பத்தொண்ணு.”

“அம்பது எப்ப?”

கணக்குப் போட்டேன். “எண்பதுல.”

“அப்ப எழுபத்தொன்பது வரைக்கும் நான் நாற்பதுகள்லதான்,” என்று எழுந்து போனார்.

காலையில் டெக்கும் ஃபிக்ஸ்டும் சேர்த்துப் புதுத் தாள் அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். பழையது மடித்து அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. அம்மா மட்டும் என்னோடு இன்னும் பேசவில்லை.