கேபிளைத் துண்டிப்பதற்கு முன் எழுதிய கணக்கு

பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கேபிள் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்தமாகிக்கொண்டிருந்ததால், அந்த ரசீதை வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. இரண்டு செட்டாப் பாக்ஸ்களுக்கும் மாத வாடகை, நாங்கள் கேட்டதாக நினைவே இல்லாத ஒரு விளையாட்டுத் தொகுப்பு, அறிமுகச் சலுகை முடிந்ததால் ஏறிய தொகை என்று அடுக்கடுக்காக இருந்தது. அந்தப் பெட்டிகளுள் ஒன்று, தொலைக்காட்சியே இல்லாத அறையில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்தது.

உடனே துண்டித்துவிடத்தான் தோன்றியது. "நாம் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் எதை நிறுத்தப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனவே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்து, யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் நான்கு வாரத்துக்கு அதில் குறித்துவைப்பது என்று முடிவு செய்தோம். இந்த மாற்றம் முழுவதிலும் உருப்படியாக நாங்கள் செய்த வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். இருநூறுக்கும் மேற்பட்ட சேனல்களுக்குப் பணம் கட்டிய நாங்கள் உண்மையில் பார்த்தவை பன்னிரண்டு. அவற்றுள் ஐந்து ஆன்டெனா வழியாக இலவசமாகவே கிடைப்பவை. மற்றவற்றில் நாங்கள் பார்த்த தொடர்கள் செயலிகளிலும் வந்துவிடுகின்றன. நேரலையாகவே பார்த்தாக வேண்டியவை என்று மிஞ்சியவை விளையாட்டும் செய்தியும் மட்டுமே.

கேபிள் தொலைக்காட்சி பிறந்ததே ஓர் ஆன்டெனாவிலிருந்துதான். 1940களின் இறுதியில், மலைகள் மறைத்ததால் ஒளிபரப்பு எட்டாத அமெரிக்க ஊர்களில், குன்றின் மேல் பெரிய ஆன்டெனா ஒன்றை நட்டு அங்கிருந்து வீடு வீடாக வயர் இழுத்தார்கள். அந்த வயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் மறுபடியும் ஓர் ஆன்டெனாவைக் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தேன். பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் திரையெங்கும் புள்ளிகள் பொரியும். ஆனாலும் படம் ஒருவாறு தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. படம் ஒன்று துல்லியமாக வரும், இல்லையேல் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துவிடும். கூடத்து ஜன்னலில் இரண்டே சேனல்கள் கிடைத்தன. மேற்குப் பக்க ஜன்னலுக்கு மாற்றி, ஒரு சாண் உயர்த்தி, மீண்டும் ஸ்கேன் செய்தபோது நான்கு வந்தன. ஐந்தாவது இன்றுவரை வரவில்லை. ஒரே ஆன்டெனாவிலிருந்து இரண்டு தொலைக்காட்சிகளுக்குக் கொடுக்க ஸ்பிளிட்டர் மாட்டியதும் அந்த நான்கில் ஒன்று போய்விட்டது. ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சிக்னலையே விடும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இணைய வழிப் பார்வையில் எனக்கு இருந்த அச்சம் வேகத்தைப் பற்றியது. ஆனால் எச்.டி. தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவே போதுமானது. கவனிக்க வேண்டியது மொத்த டேட்டா அளவு, எச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை செலவாகும் என்பதால், மாத வரம்பு உள்ள இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பின் அறையில் படம் அடிக்கடி சுற்றிக்கொண்டு நின்றதற்கு வைஃபைதான் காரணம். ரூட்டரிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்ததும் சரியாயிற்று. தீராத குறை ஒன்று உண்டு. இணையத்தில் நேரலையைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். நம் கருவியும் அவற்றுள் சிலவற்றைச் சேர்த்துவைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்குகிறது. அதனால் பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்து அடங்கிய பிறகே எங்கள் திரையில் கோல் விழுகிறது.

அம்மாவுக்குச் சேனல்கள் பெயரால் அல்ல, எண்ணால்தான் பழக்கம். பழைய ரிமோட்டில் இரண்டு, ஏழு ஆகிய பொத்தான்கள் மட்டும் எழுத்தழிந்து வழுவழுப்பாக இருந்தன. புதிய ரிமோட்டில் எண்களே இல்லை என்று கண்டதும், "இதில் எதை அமுக்கிச் செய்தி பார்ப்பது?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலால் தேடும் பொத்தானை அவர் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது அதனுடன் அதட்டலாகத்தான் பேசுகிறார்.

இணைப்பை ரத்து செய்யத் தொலைபேசியில் அழைத்தபோது, மூன்று பேரிடம் மாற்றி மாற்றி இணைத்து, ஒவ்வொருவரும் ஒரு புதிய சலுகை சொன்னார்கள். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் இணைய இணைப்பும் அதே வயரில், அதே நிறுவனத்திடமிருந்து வருவது. தொலைக்காட்சியை எடுத்துவிட்டால் கூட்டுச் சலுகை போய் இணையக் கட்டணம் உயரும். உயர்ந்த தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டே நிறுத்தினேன். பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தபோது வரிசை எண்களுடன் ரசீது கேட்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று; அடுத்த இரண்டு மாதமும் பெட்டி வாடகை பில்லில் வந்தது, ரசீதைக் காட்டிய பிறகே நீக்கினார்கள்.

கேபிளின் எதிர்காலம் அந்த வயர் இணையத்தைச் சுமப்பதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் 2022 ஜூலையில் இணைய வழிப் பார்வை முதன்முறையாகக் கேபிளை முந்தியது. 2025 மே மாதத்தில் கேபிளையும் ஆன்டெனா ஒளிபரப்பையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகவில்லை. ஆனால் மலிவு என்பது நிலையானது அன்று. நெட்ஃபிளிக்ஸ் 2022இல் விளம்பரத்துடன் கூடிய சந்தாவைத் தொடங்கியது. 2023இல் கடவுச்சொல்லைப் பிற வீட்டாருடன் பகிர்வதைப் பரவலாகக் கட்டுப்படுத்தியது. நான்கு செயலிகளுக்குச் சேர்த்துச் சந்தா கட்டினால், பழைய கேபிள் தொகுப்பே வேறு பெயரில் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

ஆகவே நாங்கள் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கு மட்டுமே சந்தா கட்டுகிறோம். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்கு மாறுகிறோம். இப்படி மொத்தச் செலவு முன்பு இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகியிருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தில் இப்போது ஒவ்வொரு சந்தாவும் முடியும் தேதியைக் குறித்துவைக்கிறோம், ஏனெனில் அதற்கு முன்பே நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொண்டு பணத்தை எடுத்துவிடும். போன மாதம் அப்படி ஒன்றை நான் மறந்துவிட்டேன்.