சர்வீஸ் டெஸ்க்கிலிருந்து எண்ட்பாயிண்ட் அட்மின் வரை: நான் வந்த வழி

நான் இப்போது எண்ட்பாயிண்ட் அட்மின், அதாவது ஒரு கம்பெனியின் லேப்டாப், போன்களை நிர்வகிக்கிறவன். டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கும் தம்பிகள் என்னைக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கோர்ஸ் பண்ணா மேல போகலாம்?" கோர்ஸைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் என்னை மேலே தூக்கிவிட்டவை நான் விடாமல் துரத்திய சில டிக்கெட்டுகளும் (யூசர்களின் புகார்ப் பதிவுகள்) அவற்றில் எழுதிவைத்த நோட்ஸும்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

விழுப்புரம் பக்கம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுச் சென்னை வந்தபோது கிடைத்த முதல் வேலை ஃபீல்டு இன்ஜினியர். பேர்தான் இன்ஜினியர், சொந்த பைக் இருக்கிறதா என்பதுதான் இன்டர்வியூவின் முக்கியமான கேள்வி. ஒரு வெண்டார் பேரோலில் எடுத்துக்கொண்டு, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்த ஆபீஸ், பள்ளிக்கூடம், கிளினிக் என்று அனுப்புவார்கள். பையில் ஸ்க்ரூடிரைவர் செட், கிரிம்பிங் டூல், கொஞ்சம் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனை), பூட்டபிள் பென்டிரைவ், ஒரு அழிரப்பர். "டிஸ்ப்ளே வரல" என்று வரும் கால்களில் நிறைய, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டினாலே சரியாகிவிடும். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போயிருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை. கையில் வருவது சொற்பம், பெட்ரோல் கிளெய்ம் மாதக் கடைசியில்தான் வரும்.

இந்த வேலையை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கைப்பழக்கத்தைக் கொடுத்தது. ஒரு மெஷினைத் திறக்கும்போது கை நடுங்காது. ஆனால் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. அதே டோனர், அதே டிராஃபிக்.

அடுத்தது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியின் சர்வீஸ் டெஸ்க், அதாவது யூசர்களின் கம்ப்யூட்டர் பிரச்சினைகளைப் போனில் கேட்டுத் தீர்க்கும் இடம். இங்கே கம்ப்யூட்டர் அறிவைவிட ஆங்கிலத்தைத்தான் முதலில் சோதித்தார்கள். வெர்சன்ட் என்று ஒரு டெஸ்ட். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மெஷின் சொல்லும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கலைந்து கிடக்கும் சொற்களை ஒழுங்குபடுத்திச் சொல்ல வேண்டும்; மார்க்கும் மெஷினே போடும். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நான் ரேடியோச் செய்தியைப் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தி அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினேன். இலக்கணப் புத்தகத்தைவிட இதுதான் உதவியது. அவர்கள் எதிர்பார்ப்பது அழகான ஆங்கிலம் இல்லை. போனின் மறுமுனையில் இருப்பவருக்குப் புரிகிற ஆங்கிலம்.

பிரிட்டன் வாடிக்கையாளர் என்பதால் மதியம் ஆரம்பித்து இரவு முடியும் ஷிஃப்ட். அமெரிக்க ப்ராஜெக்ட்டில் மாட்டியவர்கள் விடியற்காலையில்தான் கேப் ஏறுவார்கள், அந்த விதத்தில் நான் தப்பித்தேன். ஐடில் (ITIL) பாடம் இங்கேதான் தொடங்கியது. ஐடில் என்பது 1980களில் பிரிட்டன் அரசாங்க அமைப்பு ஒன்று தொகுத்த நடைமுறைத் தொகுப்பு. உலகம் முழுக்க சர்வீஸ் டெஸ்க்குகள் இன்றும் அந்தப் பாஷையைத்தான் பேசுகின்றன. ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் இன்சிடென்ட், புதிதாக ஒன்று வேண்டும் என்றால் சர்வீஸ் ரிக்வெஸ்ட். எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு அவசரம் இரண்டையும் வைத்துத்தான் பி1 முதல் பி4 வரை போடுவார்கள். எம்.டி.யின் மவுஸ் வேலை செய்யவில்லை என்பது பி1 ஆகாது. கிடங்கு முழுக்க பில் போட முடியவில்லை என்றால் பி1. நடைமுறையில் எம்.டி. மவுஸுக்குத்தான் முதலில் ஓடுவோம் என்பது வேறு விஷயம்.

பி1 வந்தால் பிரிட்ஜ் கால் ஒன்று திறப்பார்கள். நெட்வொர்க், சர்வர், அப்ளிகேஷன் என எல்லா டீமும் அதில் உட்காரும். எல்1 (முதல் நிலை சப்போர்ட்) ஆளுக்கு அங்கே பேச வேலையில்லை. கால் வராத நேரங்களில் மியூட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். யார் என்ன கேட்கிறார்கள், எதை முதலில் விலக்குகிறார்கள், "நேற்று ராத்திரி ஏதாவது சேஞ்ச் போச்சா?" என்ற கேள்வி எத்தனை சீக்கிரம் வருகிறது என்று கவனித்ததெல்லாம் எந்தக் கோர்ஸிலும் கிடைக்காதது.

மற்றபடி நாள் முழுக்க பாஸ்வேர்ட் ரீசெட்டும் அக்கவுண்ட் அன்லாக்கும்தான். திங்கட்கிழமை காலை அவர்களுக்கு விடிந்தால் கியூ நிரம்பிவிடும். இதில் ஒரு யூசர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். அன்லாக் செய்து வைத்தால் 20 நிமிடத்தில் மறுபடி லாக். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள் எடுத்து, அன்லாக் செய்து, "யூசர் கன்ஃபர்ம்டு" என்று எழுதி மூடிவிட்டிருந்தார்கள். எண்ணிக்கைக்கு நல்லதுதானே, ஒரே ஆளிடமிருந்து பத்து டிக்கெட்.

அடுத்த நிலையான எல்2-வில் இருந்த ஒரு சீனியரிடம் கேட்டேன். "இப்ப அன்லாக் பண்ணாத, ஸ்கிரீனை ஷேர் பண்றேன், பாரு" என்றார். டொமைன் கன்ட்ரோலரில் (கம்பெனியின் யூசர் அக்கவுண்ட், பாஸ்வேர்ட்களைச் சரிபார்க்கும் சர்வர்) லாக் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து 4740 என்று ஃபில்டர் போட்டார். அக்கவுண்ட் லாக் ஆகும்போதெல்லாம் பதிவாகும் ஈவென்ட் அது. பெரிய டொமைனில் பிடிசி எமுலேட்டர் பொறுப்பு வகிக்கும் கன்ட்ரோலரில்தான் தேட வேண்டும், லாக்அவுட் எல்லாம் அங்கே வந்து சேரும். அந்த ஈவென்ட்டுக்குள் காலர் கம்ப்யூட்டர் நேம் என்று ஒரு வரி இருக்கும். தவறான பாஸ்வேர்ட் எந்த மெஷினிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். யூசரின் லேப்டாப் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரு சர்வரின் பெயர்.

"இது என்பிஎஸ் சர்வர். அப்ப வைஃபைதான்" என்றார். அந்த ஆபீஸில் வைஃபைக்குள் நுழைய ஆளாளுக்கு டொமைன் பாஸ்வேர்ட்தான். வைஃபை கேட்கும் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது இந்த சர்வர். அதன் லாக்கில் 6273 என்ற ஈவென்ட்டைத் தேடினால், யாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, எந்த மேக் அட்ரஸிலிருந்து (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) வந்தது என்பது வரை இருக்கும். மேக் அட்ரஸின் முதல் ஆறு எழுத்துகளைத் தேடிப் பார்த்தால் தயாரித்த கம்பெனி தெரியும். ஒரு போன் கம்பெனி. யூசரைக் கூப்பிட்டேன். அவர் தன் போனில் புது பாஸ்வேர்ட் போட்டாயிற்று என்று சத்தியம் செய்தார். பார்த்தால் அவர் போன் வேறு கம்பெனி. "பழைய போன் ஏதாவது?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேசை டிராயரில் சார்ஜரோடு கிடந்திருக்கிறது, எப்போதாவது பாட்டு கேட்க. அது பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வைஃபை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்த டிக்கெட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன்: எந்த ஈவென்ட், எங்கே பார்த்தோம், எதை விலக்கினோம், எது காரணம். பிறகு அதையே ஒரு நாலெட்ஜ் ஆர்டிகிளாக்கி அனுப்பினேன். எங்கள் டீம் லீடுக்கு இதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஒரு காலுக்கு சராசரியாக எவ்வளவு நேரம் என்ற கணக்குதான் அவர் போர்டில் ஓடும். அவரையும் குறை சொல்ல முடியாது, அவரை அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். அதனால் இந்த மாதிரித் துரத்தல்களை நான் கியூ காலியாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டேன். ப்ரின்ட் ஸ்பூலர் அடிக்கடி செத்துப்போவது, விபிஎன் போட்டதும் ஒரு குறிப்பிட்ட சைட் மட்டும் திறக்காதது என்று மெல்ல மெல்ல ஒரு கட்டு சேர்ந்தது.

உள்ளேயே எல்2 இடம் காலியானபோது ஐஜேபி (உள்ளிருப்பவர்களுக்கான வேலை அறிவிப்பு) போட்டார்கள். விண்ணப்பிப்பது சுலபம், மேனேஜர் ரிலீஸ் கொடுப்பதுதான் கஷ்டம். நல்ல எல்1 ஆளை விட யாருக்கும் மனசு வராது. எனக்குப் பதில் வரும் ஆளுக்கு நானே பயிற்சி தருகிறேன் என்று மெயிலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. பேனலில் கேட்டது இரண்டே வகை. ஒன்று அடிப்படை: ஒரு மெஷினில் 169.254 என்று ஐபி தொடங்கினால் என்ன அர்த்தம் (ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடமிருந்து எதுவும் வரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது), குரூப் பாலிசி, அதாவது மெஷின்களுக்கு மொத்தமாகப் போடும் செட்டிங்ஸ், எந்த வரிசையில் இறங்கும் (லோக்கல், சைட், டொமைன், கடைசியில் ஓயு என்ற உட்பிரிவு). இன்னொன்று, "நீ பார்த்த கஷ்டமான கேஸ் ஒன்றைச் சொல்." டிராயரில் கிடந்த போனைச் சொன்னேன். அப்புறம் கேள்வியெல்லாம் அதைச் சுற்றியே போனது.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கில் கட்டி இன்ஸ்டிட்யூட்டில் சேர்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு லேப் போடுங்கள். பழைய லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் போதும். விண்டோஸ் சர்வரை 180 நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்டே தருகிறது. அதில் டொமைன் கன்ட்ரோலர், டிஎன்எஸ், டிஎச்சிபி எல்லாம் நிறுவி, வேண்டுமென்றே கெடுத்து, சரிசெய்யுங்கள். சர்டிஃபிகேட் என்று பார்த்தால், லேப்டாப், போன் நிர்வாகத்துக்கு வர நினைப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் எம்டி-102. 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். வருஷா வருஷம் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் காலாவதி. நெட்வொர்க் பக்கம் போக ஆசை என்றால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ. ஆள் நிர்வாகம், இன்சிடென்ட் மேனேஜ்மெண்ட் பிடிக்கும் என்றால் ஐடில் ஃபவுண்டேஷன். மூன்றையும் ரெஸ்யூமில் அடுக்கிவைத்து, ஒன்றிலும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் ஆட்களை இப்போது நானே இன்டர்வியூவில் பார்க்கிறேன்.

எல்2-விலிருந்து வெளியே எண்ட்பாயிண்ட் அட்மின் வேலைக்கு மாறியபோது டெக்னிக்கல் ரவுண்டைவிட எச்ஆர் ரவுண்டுதான் படுத்தியது. 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். முன்கூட்டியே விடுவிக்கக் கேட்டுப் பாருங்கள், சில கம்பெனிகள் பையவுட் (நோட்டீஸ் நாட்களுக்கு ஈடான) பணத்தையும் ஏற்றுக்கொள்ளும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் எனக்கு இழுத்தது அந்த முதல் வெண்டார் கம்பெனி. ரிலீவிங் லெட்டரை அப்போதே விடாமல் கேட்டு வாங்கியிருந்ததால் பிழைத்தேன். வெண்டார் பேரோலில் இருப்பவர்கள் பிஎஃப் கட்டுகிறார்களா என்று பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். போலி எக்ஸ்பீரியன்ஸ் போடுகிறவர்கள் மாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். யுஏஎன் (பிஎஃப் அடையாள எண்) சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பதிவாகியிருக்கும்.

புது இடத்தில் முதல் பெரிய வேலை விண்டோஸ் 11 மாற்றம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடியும் என்பது முன்பே தெரிந்த தேதி, ஆனாலும் எல்லாரும் போல நாங்களும் கடைசி வருஷத்தில்தான் ஓடினோம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் மெஷின்கள் பெரும்பாலும் கழிவு. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்பான டிபிஎம் 2.0 இல்லை என்று ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்தவற்றில் பலவற்றில் சிப் வசதி இருந்தது, பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) ஆஃப் ஆகிக் கிடந்தது. பயாஸைத் தொடும் முன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். இந்த வரியைச் செக்லிஸ்ட்டின் தலையில் பெரிய எழுத்தில் போட்டோம்.

அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்தான் கடைசிக் கோட்டை. அங்கே டாலி ஓடும், டாட் மேட்ரிக்ஸ் ப்ரின்டர் ஓடும், ஜிஎஸ்டிக்குக் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனின் டிரைவர் எந்தக் காலத்திலோ போட்டது. "மாசக் கடைசில கை வைக்காதீங்க தம்பி, ரிட்டர்ன் முடியட்டும்" என்பார் அங்கே கணக்கு பார்க்கும் அம்மா. ரிட்டர்ன் முடிந்தால் சம்பளம், சம்பளம் முடிந்தால் ஆடிட். கடைசியில் ஒரு புது மெஷினைப் பக்கத்தில் வைத்து, டோக்கனைச் செருகி அவர் கண் முன்னால் ஒரு பைலில் கையெழுத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் பழையதை விட்டார். மாற்றவே முடியாத சிலவற்றுக்கு மட்டும் காசு கட்டி, சப்போர்ட் முடிந்த பிறகும் வரும் எக்ஸ்டென்டட் அப்டேட் எடுத்தோம். கம்பெனிகளுக்கு முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு, மூன்று வருஷத்தோடு சரி. அந்தக் கணக்கை மேனேஜரிடம் காட்டினால் புது லேப்டாப்புக்கு அப்ரூவல் தானாக வரும்.

இப்போது எல்1-இல் சேர்வது எப்படியிருக்கும் என்று கேட்டால், நான் சேர்ந்தபோது இருந்த அளவு கால்கள் இல்லை. பாஸ்வேர்ட் ரீசெட்டை யூசரே செய்துகொள்கிறார், மிச்சத்தில் கொஞ்சத்தை சாட்பாட் எடுத்துக்கொள்கிறது. ஆள் எண்ணிக்கை குறைவதைப் பார்க்கிறேன். அதற்காக இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆஃபர் வந்ததும் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த ப்ராஜெக்ட்டில் எல்1 ஆளுக்கு என்னென்ன ஆக்சஸ் தருவார்கள்? ஆக்டிவ் டைரக்டரியை (யூசர் அக்கவுண்ட்களின் பதிவேடு) பார்க்கவாவது விடுவார்களா, லாக் படிக்கக் கிடைக்குமா, லேப்டாப், போன்களை நிர்வகிக்கும் இன்டியூனில் ரீட் ஒன்லி கிடைக்குமா? ஸ்கிரிப்டைப் படித்து டிக்கெட்டை அடுத்த டீமுக்குத் தள்ளுவது மட்டும்தான் வேலை என்றால், இரண்டாயிரம் குறைவாகக் கொடுத்தாலும் ஆக்சஸ் தருகிற சின்னக் கம்பெனியைத்தான் நான் எடுப்பேன்.