பெரிய எழுத்தில் ஆம்ஸ்டர்டாம்

பழைய எபிரேய விவிலிய உரைநூல்களைச் சேர்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கையில் இருப்பது இரண்டு நூல், ஒரு தனித்தாள். அவ்வளவுதான். தேதி போட்டு அச்சான முதல் எபிரேய நூலே ஓர் உரைநூல்தான்: தோராவுக்கு (விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களுக்கு) ராஷி என்ற இடைக்கால யூத உரையாசிரியர் எழுதிய உரை, இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் 1475-இல் வந்தது. இன்று அறியப்படும் ஒரே பிரதி பார்மா நூலகத்தில் இருக்கிறது. ஆக, காசு இருந்தாலும் கிடைக்காது.

போன மாதம் வாங்கிய தோரா, ராஷி உரையுடன் கூடியது. 'ஆம்ஸ்டர்டாம் பதிப்பு' என்று சொல்லி விற்றார்கள். முகப்புத்தாளில் ஆண்டு எண்ணாக இருக்காது. ஒரு வசனத்தில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அவற்றைக் கூட்ட வேண்டும். தாவ் 400, பே 80, ஹே 5. மொத்தம் 485. யூத ஆண்டில் ஐயாயிரத்தைச் சொல்லாமல் விடுவது வழக்கம், ஆக இது 5485. 485-உடன் 1240-ஐச் சேர்த்தால் நம் கணக்கில் 1725. (யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால் 1724 கடைசியாகவும் இருக்கலாம்.)

கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் ஊர்ப்பெயரைச் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், 'ஆம்ஸ்டர்டாம்' என்ற கொழுத்த எழுத்துக்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'ஃபுர்த்தில் அச்சிட்டது'. அடுத்த பொடிச் சொல், 'எழுத்துகளில்'. அதாவது ஆம்ஸ்டர்டாம் பாணி எழுத்துகளைக் கொண்டு ஜெர்மனியில் அச்சிட்ட நூல்! ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கு அன்று அத்தனை மவுசு. ஜெர்மன் ஊர் அச்சகங்கள் பலவும் செய்த வேலைதான் இது. பொய் என்றும் சொல்ல முடியாது. தாளைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டீயில் நனைத்த மாதிரி பழுப்பு.

விற்றவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கொஞ்சம் விலை குறைத்தார். நான் நூலைத் திருப்பித் தரவில்லை.

இப்போது ராஷி எழுத்து பழகுகிறேன். ராஷி ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. ஸ்பெயின் யூதர்களின் கையெழுத்தைப் பார்த்து வார்த்த அச்சு அது, உரைக்கென்றே ஒதுக்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸாமெக், சொல்லிறுதி மேம் என்ற இரண்டு எழுத்துகளும் இன்னும் குழப்புகின்றன. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். நேற்று யாத்திராகமத்தில் ஒரு சொல்லே புரியவில்லை. எழுத்து என்று நான் நினைத்தது மெழுகுவர்த்திச் சொட்டு.