மார்ச், ஜூலை

ஆகஸ்ட் 4, திங்கள்
இரண்டு ரெஸ்யூம் ஃபைல். வேலையிலிருந்து விலகிய மாதம் ஒன்றில் மார்ச், இன்னொன்றில் ஜூலை. மற்றபடி ஓர் எழுத்துகூட வேறில்லை. இன்று அனுப்பிய மூன்றும் ஜூலை.

ஆகஸ்ட் 5
மெயில் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
அக்கா போன் செய்தாள். "நாலு மாசம்தானேடா, யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க?" எண்ணுவார்கள். அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். பழைய இடத்தில் விசாரித்தால் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் சொல்லிவிடுவார்கள். அவளிடம் இதைத்தான் சொன்னேன். உண்மையான காரணம் இது இல்லை. பிடிபடவே மாட்டாய் என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் அந்த ஜூலையைப் பார்த்தால் வயிற்றை என்னவோ செய்யும். பார்க்காமல் அனுப்பினால் ஒன்றும் செய்வதில்லை. அதனால் பார்க்காமல் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 11
"உங்கள் ஆர்வத்துக்கு நன்றி." இரவு 2.14க்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் விழித்திருந்தது நான் மட்டும்தான்.

ஆகஸ்ட் 13, புதன்
மரியன்டால் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர். 1930 வாக்கில் நூலாலை மூடி, ஏறக்குறைய ஊர் முழுவதற்கும் வேலை போனது. சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய், தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. பல ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

என் கடிகாரம் எங்கே?

ஆகஸ்ட் 14
கிடைத்தது. நாலு ஐம்பதில் நின்றிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்
இன்டர்வியூ. இரண்டாவது கேள்வியே, "ஜூலை வரைக்கும் அங்கேதானே?" ஆமாம் என்றேன். அதோடு விட்டிருந்தால் சரி. கடைசி இரண்டு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிப்ரவரியில் செய்ததை எடுத்து ஜூனில் வைத்தேன். அதற்கு ஏற்றாற்போல் அதற்கு முந்தையதை நகர்த்த வேண்டியிருந்தது. தடுமாறவே இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் நான் நன்றாகப் பேசிய ஒரே இன்டர்வியூ இதுதான். இதை அக்காவிடம் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 19
ஜூலை ஃபைலை அழித்தேன். 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்குமாம். கடிகாரத்துக்கு பேட்டரி போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்
அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளி, 11 மணி. அவர்களிடம் இருப்பது ஜூலை.

மெயில் எழுத உட்கார்ந்தேன். "என் ரெஸ்யூமில் ஒரு தேதி தவறுதலாக..." தவறுதலாகவா? அதுவும் பொய். அடித்தேன். "ஒரு தேதி தவறாக உள்ளது." தேதி தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது மாதிரி. அதையும் அடித்தேன். "நான் மார்ச்சிலேயே விலகிவிட்டேன். ஜூலை என்று போட்டது நான்தான். இன்டர்வியூவில் சொன்னதும் சரியில்லை." இரண்டு மணி நேரத்துக்கு மூன்று வரி. அப்புறம் டிராஃப்டில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21
அனுப்பினேன். காலை 9.40.

மாலை 6. இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி
பதில் இல்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டை மாற்றியாயிற்று. கடிகாரம் கட்டியாயிற்று. 10.20.