பெயர் எழுதாத பச்சைக் கொட்டை

போன வருடம் தை மாதத்திலிருந்து வீட்டிலேயே காபிக் கொட்டை வறுத்து வருகிறேன். நோட்டில் இன்றோடு 94 வறுவல் பதிவாகியிருக்கிறது. முதல் ஐம்பதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரே கடையில் பிளாண்டேஷன் ஏ என்னும் தரத்து, வறுக்காத பச்சைக் கொட்டை வாங்கி, ஒரே கணக்கில் வறுத்து, ஒரே ருசியில் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஆனி மாதம் நாங்கள் நான்கு பேர் பெயர் எழுதாத பொட்டலங்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் கை பழகியது. அந்த ஐந்து மாதக் கதைதான் இது.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வறுக்கும் இடம் மொட்டை மாடி. ஆரம்பத்தில் இரும்பு வாணலியும் மரக் கரண்டியும்தான். பதினைந்து நிமிடம் கை ஓயாமல் கிளறினாலும் கொட்டையின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளிறியே நிற்கும். காபிக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. எப்படிப் புரட்டினாலும் அந்தப் பக்கமாகவே படுத்துக்கொள்கிறது. அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத் பட்டறையில் எவர்சில்வர் சம்படம் ஒன்றைக் கொடுத்து, நடுவில் குழாய் செருகி, உள்ளே இரண்டு தகடு பற்றவைத்து, கைப்பிடி போட்டு வாங்கினேன். கேஸ் அடுப்புக்கு இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் இந்த உருளை. குழாய் வழியாக மல்டிமீட்டரின் வெப்பம் பார்க்கும் ஒயரை உள்ளே விட்டிருக்கிறேன். ஒரு தடவைக்கு 150 கிராம் தாங்கும். ஆறவைக்க முறமும் டேபிள் ஃபேனும்.

நேரம் முக்கியம். எங்கள் ஊரில் பகல் ஏறிய பிறகு கடல் காற்று பிடித்துவிட்டால் அடுப்புத் தீ ஒரு நிலையில் நிற்காது. அதனால் காலை ஐந்தரை மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் போகும். புகையும் தேவனாம்பட்டினம் பக்கமாகவே போய்விடுகிறது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லை.

வறுக்கும்போது காதுதான் பெரிய துணை. பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகும், அப்போது வைக்கோல் வாசனை வரும். பிறகு பொரி வறுத்த வாசனை. பழுப்பு ஏறி, கொட்டையின் வெப்பம் 196 டிகிரியை ஒட்டும்போது முதல் வெடிப்பு. சோளப்பொரி பொரிவது போலப் பட்டுப்பட்டென்று இருக்கும். விட்டுவிட்டால் 224 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு. அது தாளிப்பில் கடுகு வெடிப்பது போலச் சன்னமாக, வேகமாக வரும். எண்ணெய் வெளியே கசிந்து பளபளக்கத் தொடங்குவதும் அங்கேதான். பில்டர் காபிக்கு நான் இரண்டாம் வெடிப்பின் வாசலில் இறக்கிவிடுகிறேன். வறுத்த அன்றே அரைத்தால் உள்ளே இருக்கும் வாயுவால் தூள் நுரைத்துப் பொங்கும், டிகாக்‌ஷன் சீராக இறங்காது. மூன்று நாள் பொறுத்து அரைப்பதே நல்லது.

சரி, பொட்டல விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பேர்: நெய்வேலி அண்ணன், லாஸ்பேட்டை அக்கா, முத்தியால்பேட்டையில் கல்லூரி படிக்கும் தம்பி, நான். மாதத்துக்கு ஒருவர் மற்ற மூவருக்கும் ஆளுக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை கொடுக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த மலை, காபியின் இரண்டு முக்கிய வகைகளில் அரபிகாவா ரோபஸ்டாவா, எதுவும் சொல்லக் கூடாது. மாதக் கடைசி ஞாயிறு காலை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நால்வரும் கூடி, பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை மாற்றிக் குடித்துவிட்டு, யூகத்தைச் சொன்ன பிறகுதான் அனுப்பியவர் வாயைத் திறப்பார்.

முதல் பொட்டலம் தம்பியுடையது. நீலம் கலந்த பச்சை, நீள்வட்டம், நடுக்கோடு லேசாக வளைந்திருந்தது. கழுவிப் பதப்படுத்திய அரபிகா என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒன்பது நிமிடத்தில் முதல் வெடிப்பு, பன்னிரண்டில் இறக்கினேன். 150 கிராம் போட்டதில் 127 நின்றது. எலுமிச்சைத் தோல் போல ஒரு புளிப்பு. குடகு என்று தைரியமாக எழுதினேன். ஏற்காடு என்றார் தம்பி. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபிச் செடி கொண்டுவந்து வைத்த மலை. கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் விளைவதை நான் ஒருமுறையும் வாங்கியதில்லை. அது மனதில் தைத்தது. அடுத்த வாரமே போய் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

இரண்டாவது, அக்காவின் பொட்டலம். உருண்டைச் சாயல், பழுப்பு மஞ்சள், நடுக்கோடு நேர், மேலே வெள்ளித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோபஸ்டா. வெடிப்புச் சத்தம் அமுங்கியே கேட்டது, முறத்தில் புடைத்தபோது தோல் மாடி முழுக்கப் பறந்தது. வயநாட்டுக் கொட்டை என்று பிறகு தெரிந்தது. ரோபஸ்டாவைச் சிக்கனத்துக்குக் கலப்பது என்றே நினைத்திருந்தேன். காஃபின் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் அதிகம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கால் பங்கு கலந்து இறக்கிய டிகாக்‌ஷன் பாலில் கரைந்து காணாமல் போகாமல் நின்றது. அம்மாவுக்காகச் சிக்கரி கலந்துகொண்டிருந்த நான் அன்றிலிருந்து கலப்பதில்லை. அம்மா இதுவரை கேட்கவும் இல்லை.

ஆவணியில் வந்த மூன்றாவது பொட்டலம்தான் என்னை உலுக்கியது.

நெய்வேலி அண்ணன் கொடுத்தது. பிரித்தால், வெளிறிய மஞ்சள். சில கொட்டைகள் கிட்டத்தட்ட வெள்ளை. ஊறவைத்துக் காயவைத்தது போல உப்பியிருந்தன. மூக்குக்கு அருகே கொண்டுபோனால் பழைய சாக்கின் வாசனை. வழக்கமாக 200 மில்லி டம்ளரில் தலைதட்டினால் 140 கிராமுக்கு மேல் பிடிக்கும். இது 114 தான் பிடித்தது. எனக்குப் போன வருட ஐப்பசி நினைவுக்கு வந்தது. மாடி அறையில் ஜாடியை இறுக மூடாமல் விட்டு, அடைமழைக்குப் பிறகு திறந்தபோது கொட்டை மேல் சாம்பல் நிறப் பூஞ்சை. ஒன்றரைக் கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன். காபிக் கொட்டையில் பூஞ்சை பிடித்தால் வறுத்தாலும் நஞ்சு முழுக்கப் போகாது. இதுவும் அப்படி ஈரம் பட்டதோ என்று அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அண்ணே, கொட்டை கெட்டுப் போயிருக்குமோன்னு தோணுது."

"பூஞ்சை தெரியுதாப்பா?"

"இல்லண்ணே. நிறம்தான் ஒரு மாதிரி."

"அப்ப வறுத்துப் பாரு. அதுக்கு மேல நான் பேசக் கூடாது."

முதல் பாதியை எப்போதும் போல உருளை 180 டிகிரி வந்ததும் போட்டேன். அதுதான் தவறு. நான்காவது நிமிடத்திலேயே நுனிகளில் கருப்புப் புள்ளி. வெடிப்புக்குக் காத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. எங்கோ ஒன்றிரண்டு முனகல். வெடிக்கட்டும் வெடிக்கட்டும் என்று சுற்றிக்கொண்டே இருந்ததில், இறக்கும்போது வெளியே கரி, உடைத்துப் பார்த்தால் உள்ளே இளம்பழுப்பு. 150 கிராமும் வீண். மனசு கேட்கவில்லை. ஒருவர் காசு போட்டு வாங்கி, நம்பிக் கொடுத்த பொருள்.

மீதிப் பாதியை நான்கு நாள் தொடவில்லை. தினமும் காலையில் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தேன். பல்லால் கடித்தேன், மற்ற பச்சைக் கொட்டை பல்லை உடைக்கும், இது மெத்தென்று அமுங்கியது. அடர்த்தி குறைந்த கொட்டை, உள்ளே காற்று அதிகம், சூடு மெதுவாகத்தான் நடுவுக்குப் போகும் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பையில் அச்சடித்த பெயரைப் பார்த்தே தீயை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டால் கண்ணும் விரலும் பல்லும்தான் மிச்சம், அவை சொன்னதை நான் முதல் நாள் கேட்கவில்லை.

இரண்டாம் முறை 150 டிகிரியில் போட்டேன். சிறு தீ. ஆறு நிமிடம் வரை மஞ்சள்தான். வெடிப்பை நம்பாமல் நிறத்தையும் வாசனையையும் பார்த்து, பதினான்கு நிமிடத்தில் இறக்கினேன். 150-க்கு 126. நாலாம் நாள் பில்டரில் போட்டேன். புளிப்பு என்பதே இல்லை. நாக்கில் கஞ்சி போலக் கனம். கோடையில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை கடைசி மிடறில் எழுந்தது. அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாதக் கடைசியில் அண்ணன் சொன்ன பெயர், மான்சூன்ட் மலபார். பாய்மரக் கப்பல் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக் கணக்கில் போன காபி, கடலின் ஈரத்தை உறிஞ்சி மஞ்சளாகி, புளிப்பை இழந்து போய்ச் சேர்ந்ததாம். அங்கே அந்த ருசிக்குப் பழகிவிட்டார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பலும் வந்து பயணம் சுருங்கியதும் அந்த ருசி இல்லாமல் போனது. பிறகு அதையே கரையில் வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே புகுந்து போகும்படி திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டையில் இளக்கமாகக் கட்டி அடுக்கி, மறுபடி அவிழ்த்து மாற்றிக் கட்டுகிறார்கள். மங்களூர்ப் பக்கம் இது இன்றும் நடக்கிறது. ஈரம் மெதுவாக ஏற வேண்டும், பூஞ்சை பிடிக்கவும் கூடாது. என் ஜாடியில் ஒரே வாரத்தில் நடந்ததையும் அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் காவல் இருந்து செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் அந்தத் தொழிலாளிகள் மேல் பெரிய மரியாதை வந்தது.

புரட்டாசி என் முறை. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடிப் பக்கம், மிளகுக் கொடியும் மலை வாழையுமாகக் கலந்து நிற்கும் ஒரு சின்னத் தோட்டத்தில் தோலோடு காய்ந்த கொட்டை வாங்கினேன். பார்ச்மென்ட் என்பார்கள், மேலே காகிதம் போல ஓடு இருக்கும். அதை உரலில் போட்டு, உலக்கையைத் தூக்கிக் குத்தாமல் உருட்டி உருட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்து, ஒரு கிலோ தேற்றுவதற்குள் இரண்டு நாள் ஆனது. அக்கா சிக்மகளூர் என்றார். தம்பி சரியாகப் பழனி மலை என்றார். அண்ணன் ஊரைச் சொல்லவில்லை. "உடைசல் நிறைய இருக்குப்பா, அது முதல்ல கருகி முழுக் கொட்டைக்கும் புகை ஏத்துது" என்றார். உண்மை. அவசரத்தில் சலிக்காமல் விட்டிருந்தேன். இப்போது மாவுச் சல்லடையைவிடக் கண் பெரிதான ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் மறுபடி தம்பி. அரபிகா என்பது தெரிந்தது, ஆனால் கையில் அள்ளினால் ஏதோ பொருந்தவில்லை. கல் பொறுக்க முறத்தில் கொட்டிச் சாய்த்தபோது பாதிக் கொட்டை கடகடவென்று உருண்டு கீழே வந்தது, மற்றது அப்படியே நின்றது. அந்த நொடி இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. உருண்டதெல்லாம் பீபெரி. வழக்கமாக ஒரு பழத்தில் இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டி வளரும், அதனால்தான் ஒரு பக்கம் தட்டை. ஒரே விதை மட்டும் பிடித்தால் அது உருண்டையாகிவிடும். இயல்பாக அது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரைதான் இருக்கும். இங்கே 300 கிராமில் 138 கிராம். இது தானாக அமைந்திருக்காது, தம்பி வேண்டுமென்றே கலந்திருக்கிறார்!

இரண்டையும் தனித்தனியாக வறுத்தேன். உருண்டைக் கொட்டை உருளையில் ஒரே சீராக ஓடி, எல்லாப் பக்கமும் ஒரே நிறம் வந்தது. ருசியில் வித்தியாசம் உண்டா என்று வீட்டில் ஒரு சோதனை. மூன்று டபராவின் அடியில் மூன்று நிற ஸ்டிக்கர் பொட்டு. ஒன்றில் உருண்டை, ஒன்றில் தட்டை, ஒன்றில் இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே வறுத்த கலவை. அம்மா கண்ணை மூடி மூன்றையும் குடித்துவிட்டுக் கலவையைக் காட்டி, "இது சரியா வறுபடல, அடித்தொண்டையில ஒரு பச்சை வாசனை நிக்குது" என்றார். மற்ற இரண்டுக்கும் பேதம் சொல்ல முடியவில்லை. எனக்கும் சொல்ல முடியவில்லை. பீபெரிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தனி ருசிக்காக அவ்வளவாகத் தேவையில்லை, சீராக வறுபடுவதற்காகக் கொடுக்கலாம் என்பது என் இப்போதைய எண்ணம். இன்னும் நாலைந்து முறை பார்க்க வேண்டும்.

கார்த்திகைப் பொட்டலம் போன வாரம் பேருந்தில் வந்த ஒருவர் கையில் அக்காவிடமிருந்து வந்து சேர்ந்தது. எண் 6. நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவு: நிறம் பச்சையில் நீலம். 200 மில்லி டம்ளரில் 147 கிராம். நூறு கொட்டை 19 கிராம். நடுக்கோடு வளைவு. முறத்தில் உருண்டது ஏழு. பல்லில் கெட்டி. வாசனை, உரித்த பச்சைப் பட்டாணி. மூன்று நாளாக விடாத மழை, மாடிக் கொட்டகையில் ஒழுகுகிறது, அடுப்பைக் கொண்டுபோக வழியில்லை. பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். நாளை விடிகாலை மழை விட்டிருந்தால் 180-இல் போடுவேன்.