கேட்டால் மட்டுமே வரும்

தளத்தின் விவரங்களை மட்டும் சேமித்து வைக்கும் ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸுக்குள் போய்த் தேடினால் இணையப் பக்கம் எதுவும் இருக்காது. தலைப்பு, படம், விவரம் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் விவரம் கேட்கும் வாசலான ஏபிஐ வழியாகக் கேட்டு வாங்கி, பக்கமாகக் கோப்பது நம் வேலை.

கோவையில் போர்வெல் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் தளத்துக்கு, ஸ்ட்ராப்பி என்ற ஹெட்லெஸ் சிஎம்எஸ்ஸிலிருந்து இப்படிக் கேட்டு வாங்கும் வேலை என்னிடம் வந்தது. பார்க்க வருகிறவர்கள் காணும் முன்பக்கத்தைக் கட்டியது நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற கருவியில். மாடலுக்கு மாடல் ஹெச்பி, ஸ்டேஜ், எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணை, படம், டீலர்கள். சும்மா கேட்டால் மாடல் பெயர் வரும். படமும் அட்டவணையும் வராது, பிழைச் செய்தியும் வராது. பாப்புலேட் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நம்புவார்கள். அது ஒரு படி ஆழம்தான் இறங்கும்.

அடிவரை அள்ளித் தரும் ப்ளகின்களும் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) உண்டு. எனக்கு அவை பிடிப்பதில்லை. மாடலைக் கேட்டால் டீலர், டீலரோடு அவர் விற்கும் மற்ற மாடல்கள் என்று சொந்தபந்தம் மொத்தமும் வந்து இறங்கும். கை வலித்தாலும் வேண்டியதை எழுதிக் கேட்பதே மேல்.

பட்டியல் பக்கத்துக்கு வேறு கணக்கு. அளவு சொல்லாவிட்டால் 25 மாடல்தான் வரும். அதிகமாகக் கேட்டாலும், செட்டிங்கை மாற்றாதவரை 100-ஐத் தாண்டாது. பதிலின் மெட்டா பகுதியில் மொத்த எண்ணிக்கை இருக்கும். அதைப் பார்த்து அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் எங்கள் பாடு. விவரங்களை ஏற்றுகிற அக்காவின் பாடு வேறு. "ஏனுங்க தம்பி, பப்ளிஷ் குடுத்துட்டனுங்க. ஊட்டுக்காரர் போன்ல பாத்தா இன்னும் பழைய படமே வருதுங்க" என்பார். பக்கம் முன்கூட்டியே தயாராகி கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், இருக்கிறது என்று அவருக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது? பப்ளிஷ் ஆனதும் ஸ்ட்ராப்பியே எங்களுக்குத் தகவல் தட்டுகிற மாதிரி வெப்ஹூக் வைத்து, அந்த ஒரு பக்கத்தின் கேஷை மட்டும் புதுப்பித்தோம்.

அதைவிட முக்கியம் ப்ரிவியூ, அதாவது பப்ளிஷ் கொடுக்கும் முன்பே பக்கத்தைப் பார்க்கும் வசதி. பல திட்டங்களில் கடைசியில் நேரமிருந்தால் பார்க்கலாம் என்று இதைத்தான் தள்ளிவைப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். 2024-ல் வந்த ஸ்ட்ராப்பி 5-இல் ஸ்டேட்டஸ் ட்ராஃப்ட் என்று கேட்டால் பப்ளிஷ் ஆகாததும் வரும். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் ட்ராஃப்ட் மோடோடு இணைத்து அக்காவிடம் ஒரு பட்டன் கொடுத்தோம்.

அதில் பார்த்த முதல் பக்கத்திலேயே, "இது 4 இஞ்சு போருக்குள்ள எறங்கற பம்புங்க. 6 இஞ்சுன்னு போட்டிருக்குதுங்க" என்றார். ஏபிஐ அனுப்பும் ஜேசன் வடிவப் பதிலை வரி வரியாகப் படித்தாலும் எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. போர் அளவைக் கையால் அடிக்கிற பெட்டியை எடுத்துவிட்டுத் தேர்வுப் பட்டியலாக மாற்றினோம். அதில் எண்ணில் தொடங்கும் மதிப்பை ஸ்ட்ராப்பி ஏற்காது. பம்புக்காரர்கள் வி4, வி6 என்றே சொல்வதால் அதையே போட்டுவிட்டோம்.