அமரத்துக்குள் ஊறிய மழைத்தண்ணீர்

இன்ஜினைக் கழற்றி இறக்கிவிட்டு, அது மாட்டியிருந்த பின்பலகையில் சும்மா சாய்ந்து நின்றேன். பலகை லேசாக உள்வாங்கித் திரும்ப வந்தது. முழு வேகத்தில் ஓடும்போது இருபதடிப் படகைத் தள்ளுகிற விசை மொத்தமும் இந்தப் பலகை வழியாகத்தான் வரவேண்டும். ஆள் சாய்ந்தாலே அசைகிறதென்றால் விஷயம் பெரிசு.

படகு சித்தப்பாவுடையது. 2004 சுனாமிக்கு அப்புறம் தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகுகள் பெருகினதே, அந்த நாட்களில் வாங்கியது. அவர் கடலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. எனக்கு ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் பைத்தியம். கேட்டதும், "எடுத்துக்கலே, சும்மாதான கெடக்கு" என்றார். அப்படிச் சும்மா கிடந்ததுதான் வினை.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயிண்டில் தலைமுடி மாதிரி இரண்டு கீறல், அவ்வளவுதான். சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே 'டக் டக்' என்று கணீரென்று கேட்டது. பாதிக்குக் கீழே 'தொப் தொப்'. சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு உள்பக்கமிருந்து ஆறு இடத்தில் சின்ன பிட்டால் துளை. மேல் துளையில் காய்ந்த மஞ்சள் தூள் வந்தது. கீழ்த் துளையில் பிட்டைச் சுற்றிக் கறுப்புச் சேறு, நனைந்த கோணிச் சாக்கு நாற்றம். பிட்டை உருவினதும் டீ நிறத்தில் தண்ணீர் சொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். (வீட்டில் இதைச் சொல்லியிருக்கக்கூடாது.) உப்பே இல்லை.

துறைமுகத்துப் பக்கம் ஃபைபர் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். படகுக்குள் எட்டிப் பார்த்தவர் முதலில் கேட்டது, "டிரெயின் பிளக்க ஏன் தம்பி மூடி வச்சிருக்கு?" படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியே விடுகிற துளையின் அடைப்பு அது. இறுக்கி மூடித்தான் இருந்தது. மூன்று ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ளே விழுந்து, தாழ்வாக இருந்த அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், குளம் கட்டி நின்றிருக்கிறது. பலகையில் போல்ட் போட்ட நாலு துளைகளிலும் உள்ளே வெறும் மரம். வெளியே பூசியிருந்த பசை வெடித்ததும், தேங்கின தண்ணீர் அந்த வழியாக உள்ளே இருந்த பிளைவுட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஃபைபர் தோல் மூடியிருப்பதால் போன தண்ணீர் காய வழியே இல்லை. உப்புத்தண்ணீரில் மரம் தின்னும் பூஞ்சை அவ்வளவு சுலபமாகத் தழைக்காது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மரக்கப்பல் கட்டினவர்கள் கட்டைகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததுகூட இதற்காகத்தான். மழைத்தண்ணீர் என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

துளை வழியாக ரெசினை (ஃபைபர் வேலையில் ஊற்றினால் இறுகிப்போகும் பிசின்) ஊற்றி அடைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஈரச் சேற்றில் ரெசின் எதைப் பிடிக்கும்? வேண்டாமென்று விட்டேன். வெளித்தோலைத் தொடாமல் உள்பக்கமிருந்து வெட்டித் திறந்தேன். வெளித்தோல் அப்படியே இருந்தால் படகின் உருவம் மாறாது. கிரைண்டர் தூசி பற்றி ஒரு வார்த்தை: முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். அரித்தால் தேய்க்காமல் முதலில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். தேய்த்தால் இழை இன்னும் உள்ளே ஏறும். அழுகின பாதி கரண்டியால் அள்ளவே வந்துவிட்டது. மேலே நல்லாயிருந்த நாலு அங்குலத்தைப் பெயர்க்க உளியோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஏராவை (படகின் அடிநடுவில் ஓடும் முதுகெலும்பு) ஒட்டி ஓடும் நீளக்கட்டையும் இரண்டடிக்கு ஊறிப்போயிருந்தது. அதையும் வெட்டினேன்.

இரண்டு வாரம் காயவிட்டேன். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட 19 மி.மீ. மரைன் பிளைவுட் ஒரு ஷீட் வாங்கி, அட்டையில் அளவெடுத்து, இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் 38 மி.மீ. கனம். வெட்டின ஓரத்தையெல்லாம் ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசினேன்.

ரெசினில்தான் அடி வாங்கினேன். கடையில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்த ஊதா நிறத்தில் கோபால்ட், இறுகவைக்கத் தண்ணீர் மாதிரி ஹார்டனர் என்று மூன்றும் தனித்தனியாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் ஹார்டனர். அதைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பகல் பதினொரு மணி வெயிலில், ஒன்றரைக் கிலோவை ஒரே வாளியில் கலந்துவிட்டேன். பலகையில் பாதி பூசுவதற்குள் வாளியில் இருந்தது அல்வா பதத்துக்கு வந்து, புகைந்து, வாளியின் அடி நெளிந்தது. மறு ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து, அரைக் கிலோ அரைக் கிலோவாக அகலமான தட்டில் கலந்தேன். பிரச்சினை வரவில்லை.

வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவே ரெசினில் ஊறின மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒன்று. நாலு போல்ட்டால் இறுக்கியதும் சுற்றிலும் ரெசின் பிதுங்கி வந்தது, உள்ளே காற்று இல்லையென்று நிம்மதி. மூலைகளைப் பசையால் வளைவாக நிரப்பி, மேலே 450 கிராம் மேட் மூன்று, நடுவில் ஒரு ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி). பழைய ஃபைபரோடு சேரும் ஓரங்களைச் சரிவாக நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

போல்ட் துளைகளை இந்தத் தடவை அவசரப்பட்டுப் போடவில்லை. பெரிசாகத் துளைத்து, கெட்டியான ரெசின் பசையால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவுத் துளை. இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

நேற்று நானும் சித்தப்பாவும் சேர்ந்து பலகையில் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை. பெயிண்ட் பாக்கி, இன்ஜின் மாட்டுவது பாக்கி. படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். டிரெயின் பிளக் என் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.